மருந்தகத்துக்கு வர்ற மயில், தேவாங்கு, கூகை: 60,000 ரூபாயில என்ன வாங்கி வைக்கலாம்?

கோமாரி ஊசி:

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்துல, கடவூர் மலைக்குத் தெற்கால ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்துல உதவி மருத்துவரா இருக்கேன். ஆள்பலம்னா நான், ஒரு கால்நடை ஆய்வாளர், ஒரு பராமரிப்பு உதவியாளர். காலையில சினை ஊசி, சினைப் பரிசோதனை, மடிநோய், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி. ராத்திரி யாராவது கூப்பிட்டா கன்னு இழுக்கப் போகணும். எனக்குப் போட்ட வேலை இவ்வளவுதான்.

ஆனா வருசம் பூரா இதுக்கு நடுவுல வேற நோயாளிகளும் வந்துக்கிட்டே இருக்காங்க. சாக்குக்குள்ள கயித்தால கால் கட்டின மயில். டிராக்டர் சக்கரத்துல ஓடு பிளந்த நட்சத்திர ஆமை. பட்டுப்போன தென்னையை வெட்டும்போது பொந்தோட கீழ விழுந்த ஆந்தைக் குஞ்சுங்க. போன மாசம் ஒரு தேவாங்கு, கட்டைப்பைக்குள்ள பழைய சட்டையால சுத்தி. ஒயர் வழியா ரோட்டைத் தாண்டப் போயி கரண்ட் அடிச்சிருக்கு. வலது கையில ரெண்டு விரல் கருகி நகம் கழண்டு நின்னுச்சு, உள்ளங்கையில வெள்ளையா ஒரு வட்டம், அவ்வளவுதான் வெளிய தெரிஞ்ச காயம். வெளிச்சம் படும்போதெல்லாம் மூஞ்சியைத் தன் கக்கத்துக்குள்ள சொருகிக்கிச்சு. மருந்து போட எடை வேணுமே. எங்ககிட்ட இருக்கிறது ஆடு நிறுக்கிற தராசு, அதுல தேவாங்கை வெச்சா முள்ளு அசையவே இல்லை. எதிர்ல இருக்கிற நகைக்கடை அண்ணன்தான் தராசு குடுத்தார். 218 கிராம். காயம் மூணு நாள்ல முழங்கை வரைக்கும் செத்து ஏறிடுச்சு. பிழைக்கலை.

2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்தையும் சேர்த்து 11,806 ஹெக்டேர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிச்சாங்க. தேவாங்குக்குன்னு நாட்டுலயே முதல் சரணாலயம். ரொம்ப நல்ல விசயம். ஆனா தேவாங்குக்குச் சரணாலய எல்லை எது, தோட்டத்து வேலி எதுன்னு தெரியாதே. கள்ளி வேலி, புளிய மரம், தோட்டத்துக் கருவேலம் எல்லாத்துலயும் இருக்கு. அடிபட்டா முதல்ல வர்றது எங்ககிட்டதான்.

இப்போ விசயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல நூல் மில் வெச்சிருக்கிற ஒருத்தர் 60,000 ரூபாய் தர்றேன்னு சொல்றார். மருந்தகத்துக்குப் பின்னால காலி இடம் இருக்கு, அங்க பெரிய கூண்டு ஒண்ணு கட்டி, அப்பா பேர் எழுதணும்னு அவருக்கு ஆசை. எனக்குக் கூண்டு சரியாப் படலை, ஆனா வேற என்னன்னு அவர்கிட்ட சொல்லத் தெரியலை. காலேஜ்ல வனவிலங்கு பாடம் படிச்சோம், வண்டலூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, புலிக்கு மயக்க ஊசி எப்படின்னு சொல்லிக் குடுத்தாங்க. இங்க புலி வர்றதில்லையே.

இந்தப் பணத்துல எதை வாங்கினா அடுத்து வர்ற உயிருக்கு உண்மையிலேயே உதவும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

அட்டைப்பெட்டி:

கோயம்புத்தூர்ல பறவை மீட்புக்கு ஓடுற கூட்டத்துல நானும் ஒருத்தன். டாக்டர் இல்லை, பேங்க்ல வேலை. அதனால வைத்தியம் பேசலை.

என் பேரைப் பாருங்க, அதுதான் என் பதில். வர்றதுல பாதி அடிபட்டதால சாகறதில்லை, பார்க்க வந்த கூட்டத்தால சாகுது. காட்டு உயிருக்கு மனுச மூஞ்சி தெரிஞ்சாலே உயிர் போற பயம். உள்ள வந்ததும் காத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில பழைய துண்டு, மூடி, இருட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாம விடணும். பெட்டியைக் கடையில கேட்டா சும்மாவே குடுப்பாங்க. ஒரு பெட்டியை ரெண்டாவது ஜீவனுக்குப் போடக்கூடாது, எரிச்சிடணும்.

அடுத்தது, மருந்தக வாசல்ல பெருசா ஒரு போர்டு வைங்க, மில்காரர் அப்பா பேரோடயே வைங்க: “பால் ஊத்தாதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. சோறு ஊட்டாதீங்க.” பறவையோட நாக்குக்குப் பின்னாலயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கு. அன்பா ஊத்தின தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகும். நாங்க பார்க்கிற குஞ்சுகள்ல இதுல போறது ரொம்ப ஜாஸ்தி.

ஆந்தைக் குஞ்சுக்கு அடி இல்லைன்னா உங்ககிட்ட வெச்சுக்கவே வேண்டாம். விழுந்த இடத்துலயே பக்கத்து மரத்துல ஒரு கூடையை உயரமாக் கட்டி, காய்ஞ்ச சருகு போட்டு, குஞ்சை வெச்சிட்டுத் தள்ளி வந்துடுங்க. மனுசன் தொட்டா தாய் சேர்க்காதுன்னு சொல்றது பறவைகளைப் பொறுத்தவரை கட்டுக்கதை. இருட்டின பிறகு சத்தம் கேட்டு அப்பன் ஆத்தா வந்து இரை குடுக்கும்.

கூண்டு வேண்டாம். கூண்டு இருந்தா ஊர்ல இருக்கிற கிளியெல்லாம் வந்து சேரும்.

மக்காச்சோளம்:

கோச்சுக்காதீங்க டாக்டரம்மா. எங்க மருந்தகத்துல கன்னுக்குட்டிக் கழிச்சலுக்கு மருந்து வெளிய எழுதித் தர்றாங்க. இங்க மயிலுக்கு 60,000 ரூபாயா? தக்காளி நாத்து நட்டா கொத்திட்டுப் போகுது, கடலைச் செடியைத் தோண்டிப் போடுது, சோளக்கதிர்ல பால் பிடிக்கிறப்போ விடியக்காலம் முப்பது நாப்பதா இறங்குது. விரட்டுனா சட்டம். மயிலுக்கு வைத்தியம் பார்க்கிறவங்க எங்க தோட்டத்துக்கும் ஒரு நாள் வந்து பாருங்க.

இரவு ரோந்து:

நான் வனத்துறை. பதவி வேண்டாம், சின்ன ஆளுதான்.

மக்காச்சோளம் அண்ணே, நீங்க சொல்றது நெசம். நானும் விவசாயி வீட்டுப் பையன்தான். அதுக்காக விசம் கலந்த தானியம் போடுறவங்களும் இருக்காங்க, அது மயிலோட நிக்கிறதில்லை. கவுதாரி, காடை, நாட்டுக்கோழி, அந்தக் கோழியைத் தின்ன நாயி வரைக்கும் போகுது. கேசு வந்தா ஜாமீனுக்கு அலையுறதும் நம்ம ஆளுகதான்.

டாக்டரம்மாவுக்கு எங்க பக்கத்து விவரம் மட்டும் சொல்றேன். காட்டு உயிர் யார் கையில கிடைச்சாலும் 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்லயோ எங்க ஆபீஸ்லயோ சொல்லிடணும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 39-ஆம் பிரிவு. கொண்டு வர்றவர் பயந்துக்கிட்டு உங்க வாசல்ல பையை வெச்சிட்டு ஓடுறது இதனாலதான். ஓட விடாதீங்க. எங்க கிடைச்சதுன்னு ஊர், தோட்டம், மின்கம்பம் நம்பர் வரைக்கும் கேட்டு எழுதி வைங்க, திரும்ப விடறதுக்கு அந்த இடம்தான் வேணும். தூக்கிட்டு வந்தவன் மேல கேசு போட மாட்டாங்கன்னு அவங்களுக்கு நீங்கதான் தைரியம் சொல்லணும். போன் பண்ணித் தகவல் சொன்ன நேரத்தையும் உங்க நோயாளிப் பதிவேட்டுல குறிச்சிருங்க, பின்னால யாரும் உங்களைக் கேக்க முடியாது.

உங்க வேலை வைத்தியம். ஆளு வந்து எடுத்துட்டுப் போறது எங்க வேலை. ஆனா எங்ககிட்ட இருக்கிறது டூவீலர். ராத்திரி மழையில, டேங்க் மேல மயிலை வெச்சு வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நாங்க போற போக்கை நீங்க பார்க்கணும். அந்தப் பணத்துல மூடி போட்ட பிளாஸ்டிக் கிரேட்டு, நாலு பக்கமும் ஓட்டை, பெருசு ஒண்ணு சிறுசு ரெண்டு, வண்டியில கட்டுற பெல்ட்டோட வாங்குங்க. ஒரு செட்டு எங்க சரக ஆபீஸ்ல இருக்கட்டும். வைத்தியத்துல பிழைச்சது வழியில சாகுறது எங்களுக்கும் வயித்தெரிச்சல்தான்.

மசினகுடி பென்ஷனர்:

கால்நடை பராமரிப்புத் துறையில் சேர்ந்து, அயல்பணியில் வனத்துறைக்குப் போய், பாதி சர்வீஸ் நீலகிரிப் பக்கம் கழிந்தது. தமிழ்நாட்டில் காட்டு வைத்தியர்கள் பெரும்பாலும் இப்படிக் கடன் வாங்கப்பட்டவர்கள்தான். கற்றுத் தேர்ந்த நேரத்தில் மாற்றல் வந்து மறுபடி சினை ஊசிக்குப் போய்விடுவார்கள். இதைப் பற்றிப் புலம்பினால் விடிந்துவிடும், விடுங்கள்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் விடையும் இருக்கிறது. நகைக்கடைத் தராசு என்று எழுதினீர்களே, முதல் செலவு அதுதான். ஒரு கிராம் துல்லியம் உள்ள தராசு, ஐந்து கிலோ வரை. கால் கிலோ உடம்புக்கு ஊசியில் ஒரு கோடு ஏறினாலும் இரட்டை டோஸ். அதற்குத் தோதாக இன்சுலின் சிரிஞ்சுகள், 24, 26 கேஜ் கேனுலா (ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்), மெல்லிய உணவுக் குழாய்கள்.

இரண்டாவது சூடு. பறவைக்கு உடம்புச் சூடே 40, 41 டிகிரி. அதிர்ச்சியில் வந்த பறவைக்குக் குளிர்ந்த ரிங்கர் லாக்டேட் (நீர்ச்சத்துக் கரைசல்) ஏற்றினால் நீங்களே அனுப்பி வைக்கிறீர்கள் என்று அர்த்தம். பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள். பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் சூட்டுத் திண்டு. மறுபாதி வெறுமனே இருக்கட்டும், அதற்கு வேண்டுமானால் நகர்ந்து கொள்ளும். பட்டினியாக வந்ததற்கு முதலில் நீர்ச்சத்து, பிறகுதான் இரை. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது ஆக்சிஜன். இதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். கோவிட் சமயத்தில் ஊரெல்லாம் ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கினார்கள். மில்லிலோ, அவருக்குத் தெரிந்த டிரஸ்டிலோ ஒன்று துணி மூடிக் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். ஐசோஃப்ளூரேன் மயக்கக் கருவிதான் பறவைக்கும் சின்ன விலங்குக்கும் உத்தமம், ஆனால் உங்கள் தொகைக்குள் அது வராது. வந்தாலும் மூன்று பேர் உள்ள மருந்தகத்தில் யார் இயக்குவது?

மருந்தலமாரியைத் திறந்து சில பாட்டில்கள் மேல் சிவப்பு மையால் எழுதி ஒட்டுங்கள். இதற்குக் காசே ஆகாது, இதில் காப்பாற்றுவது தராசில் காப்பாற்றுவதைவிட அதிகமாக இருக்கும். ஐவர்மெக்டின்: ஆமைக்குக் கூடவே கூடாது. ஆட்டுக்குப் போடுகிற பழக்கத்தில், ஆமையின் தொடையில் உண்ணி தெரிகிறதே என்று கை போய்விடும், ஆமை செத்துவிடும். புரோக்கெய்ன் பென்சிலின்: சின்னப் பறவைக்கு வேண்டாம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து உங்களிடம் இருக்கக் கூடாது, கால்நடைக்கு 2006-லேயே தடை. பாறுக் கழுகு இனங்கள் மூன்று நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் அழிந்ததற்கு அந்த ஒரு ஊசிதான் காரணம். ஊசி போட்ட மாடு செத்து, பிணத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போயிற்று. மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்று 2015-இல் அதையும் மூன்று மில்லிக் குப்பியாகச் சுருக்கினார்கள். அதே வகை வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்கு 2023-இல் தடையாயின. வலிக்கு மெலாக்சிகம் போதும், மாட்டுக்கும் அது, மயிலுக்கும் அது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சம் இருக்கிற பாறுகளுக்கு நாங்கள் செய்த வைத்தியம் பெரும்பாலும் மசினகுடி மாட்டுப்பட்டிகளில்தான் நடந்தது. ஆகவே மக்காச்சோளம் தம்பி கவலைப்பட வேண்டாம், மாட்டு டாக்டரும் காட்டு டாக்டரும் ஒரே அலமாரியைத்தான் திறக்கிறார்கள்.

எலும்பு முறிவு பற்றி ஒரே ஒரு விஷயம். பறவைக்கு எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும். கோணலாக இருந்தால் கோணலாகவே கூடும். “திங்கட்கிழமை பார்க்கலாம்” என்பது மாட்டுக்குச் சரி. சிறகை உடம்போடு எட்டு வடிவில் கட்டும்போது நெஞ்சைச் சுற்றி இறுக்காதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அழகாகக் கட்டுப்போட்ட பருந்து மேசையிலேயே மூச்சுமுட்டிச் சாவதைப் பார்த்திருக்கிறேன், கட்டினவர் மிகத் திறமையான அறுவை நிபுணர். கால்நடைப் பன்முக மருத்துவமனையில் எக்ஸ்ரே இருக்கும். அங்கே யாராவது ஒரு இளைஞருக்குப் பறவை பிடிக்கும், அவருடைய போன் நம்பர்தான் உங்கள் கருவி.

ஆமை ஓட்டை எப்பாக்சி போட்டு உடனே மூடிவிடுகிறார்கள், அதுவும் தப்பு. உள்ளே மண்ணும் புழுவும் இருக்கும். கழுவித் திறந்தே வைத்துக் கட்டுமாற்றுங்கள், சுத்தமான பிறகு ஓட்டைச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். மாதக்கணக்கில் ஆகும். செத்தது போலவே கிடக்கும். இதயம் நிற்கும் வரைக்கும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, செத்ததை அறுத்துப் பாருங்கள். வனத்துறை முன்னிலையில், முறைப்படி. யானை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்றால் எல்லோரும் யானைக்குக் கட்டுப்போட்ட கதையைத்தான் சொல்வார்கள். காட்டில் விழுந்து கிடக்கிற ஒவ்வொரு யானையையும், எவ்வளவு அழுகியிருந்தாலும், அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாரே, அதுதான் எங்கள் துறைக்கு அவர் விட்டுப்போன சொத்து. உங்கள் தேவாங்குக்கு என்ன எழுதினீர்கள்?

கோமாரி ஊசி:

ஐயா, நீங்க இங்க இருப்பீங்கன்னு நினைக்கவே இல்லை. பிரேதப் பரிசோதனை செஞ்சேன். சிறுநீர்ப்பையில காப்பித்தூள் நிறத்துல சிறுநீர். தசை சிதைஞ்சு சிறுநீரகம் அடைச்சிருக்கும்னு எழுதினேன். கம்பம் எதுன்னு கேட்டு வெச்சிருந்ததால அங்க போயிப் பார்த்தோம். ரெண்டு புளிய மரத்துக்கு நடுவுல கிளையை வெட்டி விட்டிருக்காங்க, அதுக்கு ஒயரை விட்டா வேற பாலம் இல்லை. மின்வாரியத்துக்கும் வனச்சரகருக்கும் எழுதியிருக்கேன், தடிமனான கயிறு ஒண்ணு மரத்துக்கு மரம் கட்டினா போதும்னு. பதில் வரலை.

மக்காச்சோளம் அண்ணா, தோட்டத்துக்கு வர்றேன். கன்னுக்குட்டியையும் பார்த்திடலாம்.

ரெண்டு சந்தேகம். விசம் சாப்பிட்ட மயில் வரும்போது எது விசம்னு தெரியறதில்லை. விசமுறிவுக்கு அட்ரோபினோட பிராலிடாக்சைமும் சேர்த்துப் போடலாமா? இன்னொண்ணு, கேட்கவே சங்கடமா இருக்கு. முதுகெலும்பு முறிஞ்சு கால் ரெண்டும் இழுத்துக்கிட்டு ஒரு மயில் ஒரு வாரம் எங்ககிட்ட கிடந்தது. மாடா இருந்தா அன்னைக்கே முடிவு பண்ணியிருப்பேன்.

மசினகுடி பென்ஷனர்:

விஷம்: எச்சில் ஒழுகி, தலை பின்னால் வளைந்து, கழிச்சலோடு வந்தால் அட்ரோபினை உடனே தொடங்குங்கள். குருணை மருந்து என்றால் பெரும்பாலும் கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லி, அதற்குப் பிராலிடாக்சைம் உதவாது. பாஸ்பரஸ் வகை என்று உறுதியானால் சேர்க்கலாம். அட்ரோபின் போதுமா என்று கண்மணியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். பறவையின் கண்மணித் தசை வேறு வகை, அட்ரோபினுக்கு விரியாது. எச்சில் வற்றுகிறதா, இதயம் எப்படி என்று பாருங்கள். தீனிப்பையைக் குழாய் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், தலை தாழ்ந்து இருக்கட்டும். கழுவி வந்த தானியத்தைக் கொட்டாமல் சீல் வைத்து வனத்துறையிடம் கொடுத்தால் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். கையுறை முக்கியம். இறகில் இருக்கும் விஷம் உங்களுக்கும் ஏறும். கூகை ரத்தம் ஒழுக வந்தால் எலி மருந்தை நினையுங்கள், வைட்டமின் கே1 அலமாரியில் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். மயில் வன உயிரினச் சட்டத்தின் அட்டவணை 1-இல் இருக்கிறது. பிழைக்க வழியே இல்லாத அட்டவணை 1 விலங்கின் உயிரை முடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் எழுதி எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும், 11-ஆம் பிரிவு. அவர் சென்னையில். சட்டம் போட்டவர்கள் ஆட்கொல்லிப் புலியை மனதில் வைத்துப் போட்டார்கள், அதில் தப்பில்லை. முதுகு முறிந்த மயிலும் அதே வாசலில் நிற்கிறது. உங்களால் முடிந்தது, பார்த்த அன்றே படம், எக்ஸ்ரே, “மீட்சிக்கு இடமில்லை” என்று உங்கள் கையெழுத்துப் போட்ட குறிப்பு மாவட்ட வன அலுவலருக்குப் போய்விட வேண்டும். நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் அதன் நாள். அனுமதி வரும் வரைக்கும் வலி மருந்தைக் குறைக்காதீர்கள், அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. மாவட்ட அளவில் ஒரு மருத்துவர், ஒரு வன அதிகாரி இருவர் கையெழுத்தில் முடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு வராதா என்று நான் சர்வீஸில் இருந்த காலம் முழுக்கக் கேட்டேன். இப்போது நீங்கள் கேளுங்கள்.

மேற்கு சிட்னிக்காரி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப சிட்னியில ஒரு மிருக வைத்தியசாலையில தாதி. எங்கட இடம் நாய் பூனை பார்க்கிற சாதாரண கிளினிக்தான். ஆனா ஆரும் அடிபட்ட பொசத்தையோ (மரத்தில வாழுற சின்ன மிருகம்), புல்லு வெட்டுற மெசினில காயப்பட்ட நீலநாக்குப் பல்லியையோ கொண்டு வந்தா காசு வாங்கிறேல்லை. இஞ்ச கனக்கக் கிளினிக்குகள் அப்பிடித்தான். உங்களிட்ட ஆசுப்பத்திரி குறைவு எண்டு நினைக்கிறீங்கள், எனக்கு அப்பிடித் தெரியேல்லை. மருந்தகம் ஊருக்கு ஊர் இருக்குத்தானே.

எங்களிட்ட இருக்கிற வித்தியாசம் ஒண்டுதான். பின்னேரம் கிளினிக் பூட்டுறதுக்கு முந்தி அந்த மிருகம் எங்கட கையை விட்டுப் போயிடும். பயிற்சி எடுத்து, பதிஞ்சு, அனுமதி வச்சிருக்கிற ஆக்கள் வந்து கொண்டு போவினம். வயர்ஸ் எண்டு ஒரு அமைப்பு, நியூ சவுத் வேல்ஸ் முழுக்க அவைக்குத் தொண்டர்கள் இருக்கினம். பாம்புக்கு வேற ஆள், பொசக் குட்டிக்கு வேற ஆள். பழந்தின்னி வௌவால் எண்டால் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட ஆக்கள் மட்டும்தான் தொடலாம், எனக்குப் போட்டிருக்கு, வரவேற்பு மேசையில இருக்கிற பிள்ளைக்கு இல்லை, அவ பெட்டியைத் திறக்கவே மாட்டா. உங்களிட்டயும் கீரி, நரி வருமெண்டால் நீங்கள் மூண்டு பேரும் முன்கூட்டியே அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கோ. அதுதான் என்ர முதல் புத்திமதி.

நீங்கள் மூண்டு பேரும் வைத்தியமும் பார்த்து, வெட்டுக்கிளியும் பிடிச்சு ஊட்டி, இரவு காவலும் இருக்கேலாது. உங்கட சட்டத்தில வீட்டில வச்சுப் பராமரிக்கிறது குற்றம் எண்டு விளங்குது. அப்ப வனத்துறையே ரெண்டு மூண்டு பேரை எழுத்தில நியமிச்சு, தங்கட அலுவலக வளவுக்குள்ள அவையளைக் கொண்டு பார்க்க ஏலாதோ? அந்தக் கூண்டை அங்க கட்டட்டும். சனம் வந்து பார்க்கேலாத பக்கமா, மறைப்புப் போட்டு, பறந்து பழகிற அளவு நீளமா.

இன்னொண்டு, மருந்தகத்துக்குக் கோழிகள் வாறது தானே. மயிலை அதே அறையில வைக்காதேங்கோ. கோழியின்ர வெள்ளைக்கழிச்சலை நாங்களே காட்டுக்குக் குடுத்து விட்ட மாதிரிப் போயிடும்.

இரவு ரோந்து:

அக்கா சொன்னது எங்க ரேஞ்சர் ஐயாகிட்ட காட்டினேன். ஆபீஸ் பின்னால பறிமுதல் பண்ணின மரம் அடுக்கி வெச்சிருக்கிற கொட்டகை இருக்கு. மேல கேட்டுச் சொல்றேன்னாரு. அவரு அப்படிச் சொன்னா பாதி சரிங்கிற மாதிரி.

தேவாங்குக்கு வாழைப்பழம் வெக்கிறாங்க எல்லாரும். அது பூச்சி தின்கிற உசுரு. எங்க காவலர் ஒருத்தர் ராத்திரி டார்ச் அடிச்சு வெட்டுக்கிளி பிடிக்கிறதுல கில்லாடி, அவரை எழுத்துல போடச் சொல்லுங்க.

கோமாரி ஊசி:

எல்லாருக்கும் நன்றி. மில்காரரைப் பார்த்துட்டு வந்தேன். கூண்டு இல்லைன்னதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தராசை எங்க வைப்பீங்க, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைப்பீங்களான்னு கேட்டார். தராசுலயும் கிரேட்டு ஒவ்வொண்ணுலயும் அவங்க அப்பா பேரை ஒட்டிடலாம்னு சொல்லியிருக்கேன். அவரோட பழைய கணக்கப்பிள்ளை வீட்டுல ஒரு ஆக்சிஜன் செறிவூட்டி இருக்காம், அஞ்சு லிட்டர், ஓடுதான்னு பார்க்கணும்.

பட்டியல் இப்போதைக்கு இது: தராசு, சூட்டுத் திண்டு ரெண்டு, கிரேட்டு ரெண்டு செட்டு, தோல் கையுறை, நெற்றி விளக்கு, சின்ன சிரிஞ்சு கேனுலா வகையறா, ஒட்டுக்கட்டுத் துணி, மெலாக்சிகம், அட்ரோபின், வைட்டமின் கே1, நெபுலைசர், வாசல்ல போர்டு. எங்க மூணு பேருக்கும் வெறிநோய் முன்தடுப்பு ஊசி. மருந்து வைக்கிற ஸ்டோர் ரூமைக் காலி பண்ணித் தனி அறை ஆக்கியாச்சு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைக்கக் குடுத்திருக்கேன். இத்தனைக்கும் 40,000 தாண்டலை. மீதியை என்ன செய்யன்னு யோசிக்கிறேன். மரத்துக்கு மரம் கட்டுற கயித்துக்கு வனத்துறை அனுமதி குடுத்தா அதுக்கே போட்டுடலாம்னு இருக்கு.

ஐவர்மெக்டின் பாட்டில்ல சிவப்பு மையில “ஆமைக்கு இல்லை”ன்னு எழுதி ஒட்டினேன். நேத்து ஆடு ஓட்டிட்டு வந்த பெரியவர் அதைப் படிச்சுட்டு, “ஆமைக்கெல்லாமா ஊசி போடுறீங்க?”ன்னு கேட்டுட்டு, தன் கிணத்துல ஒண்ணு கிடக்குறதாச் சொன்னார். நாளைக்குப் போகணும்.

பன்முக மருத்துவமனையில பறவைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பழக்கம் உள்ளவங்க திண்டுக்கல், கரூர், திருச்சி பக்கம் இந்தக் குழுவுல யாராவது இருக்கீங்களா? தனிச்செய்தி அனுப்புங்க.